மாப்பிள்ளைக்கு வந்து சேராத தலைப்பாகை

கோட்லி,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை சர்தார் குர்தித் சிங் அவர்களின் சமூகத்துக்கு, கோட்லியிலிருந்து பச்சித்தர் சிங் இரண்டு கைகளையும் கூப்பி, முடிந்த மட்டும் தலையையும் தாழ்த்தி எழுதிக்கொண்டது. குருவின் கருணையால் இங்கே நானும் என் மனைவியும் எருமைகள் இரண்டும் சுகம். பேர்கலான் மண்டியில் தாங்களும் தங்கள் கோதுமைப் பயிரும் சுகமாயிருக்க அதே கருணையை வேண்டுகிறேன். என் தங்கை நசீப் சுகமா என்று எழுத எனக்கு வழியில்லை. நீங்கள் அவளைத் திருப்பி அனுப்பி இன்றோடு பதினோரு நாள். இந்தப் பதினோரு நாளில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். எருமையிடம் பேசுகிறாள். நேற்று அதனிடம், "உனக்கு அண்ணன் இல்லாதது நல்லதாப் போச்சு" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அவளோடு, இருபத்தாறு வருஷத்துக்கு முன் கல்யாணத்தில் நாங்கள் கொடுத்த தையல் மெஷினையும் டெம்போவில் ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள். வந்து சேர்ந்தது. ஊசி மட்டும் இல்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் தகப்பனார், பெரியவர், எண்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்து, ஊரே திரண்டு வந்து, குரு கிரந்தம் ஓதி முடிந்து, இனி வீட்டுக்குப் பொறுப்பு இவர்தான் என்று மூத்த மகனாகிய உங்கள் தலையில் கட்டுவதற்குப் பெண் வீட்டுத் தலைப்பாகை வரும் வரும் என்று இரண்டு மணி வரை காத்திருந்து, கடைசியில் பக்கத்து மண்டிக்காரர் தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததைக் கட்டிக்கொண்டீர்கள். அந்தத் துணியில் அந்துருண்டை வாசனை வந்ததாகக்கூடக் கேள்விப்பட்டேன். எனக்கு இது நடந்திருந்தால் நானும் கேட்டைச் சாத்தியிருப்பேன். ஆனால் நான் வேண்டுமென்றே வராமல் இருந்தேன் என்று நினைக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் போனையும் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு ஒரே ஒரு நோக்கம்தான். இதைப் படித்து முடித்ததும் நீங்கள் வந்து நசீப்பை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

மாப்பிள்ளை, அன்று நான் உங்கள் ஊரில்தான் இருந்தேன். பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்றரை வரை, உங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

பனிமூட்டம் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் ரோட்வேஸ் கண்டக்டராக இருந்தவன், எந்தப் பனியிலும் படியில் தொங்கிக்கொண்டு "இடது, வலது" என்று டிரைவருக்கு வழி சொன்னவன், அன்றைக்கு ரயில் டிக்கெட் வாங்கினேன். வெட்கமாக இருந்தது. ரயிலில் வரச் சொன்னது நீங்கள்தான் என்பதை ஞாபகப்படுத்துகிறேன், குற்றமாகச் சொல்லவில்லை. "ஸ்டேஷன்ல இறங்கி, லைனைத் தாண்டி, நெல் மண்டிப் பக்கம் நடங்க. மாடியில ஏரோப்ளேன் இருக்கற வீடு. வாசல்ல ஜமக்காளம் விரிச்சிருக்கும், கூட்டம் இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு வரலாம்" என்றீர்கள். உங்கள் புதுவீட்டைப் பார்க்காதவன் நான். கிரகப்பிரவேசத்தன்று கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி, பச்சைத் துணி கட்டிப் படுத்திருந்தேன். அதையும் நீங்கள் சாக்கு என்றுதான் சொன்னீர்கள். பரவாயில்லை. ஒன்பது மணிக்கு வர வேண்டிய வண்டி வழியெல்லாம் நின்று, முனகி, ஒரு கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, பன்னிரண்டரைக்கு என்னை உங்கள் ஊரில் இறக்கிவிட்டது. போனை எடுத்துப் பேசலாம் என்று பையில் கைவிட்டால், அது வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் இருக்கிறது. கையில் தலைப்பாகைப் பொட்டலம் மட்டும். ஏழு கஜம், இளமஞ்சள், என் மனைவி இரண்டு கடை ஏறி இறங்கி எடுத்தது.

பனியில் என் கையே எனக்குத் தெரியவில்லை. லைனைத் தாண்டினேன். யாரோ ஒருவர் மேல் மோதி மன்னிப்புக் கேட்டேன், அது சிக்னல் கம்பம். மேலே பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு மாடியில் பருந்து, அடுத்ததில் பிரஷர் குக்கர், அதற்கடுத்து கால்பந்து. தண்ணீர்த் தொட்டியைத் தொட்டியாகக் கட்டினால் உங்கள் ஊர்க்காரர்களுக்கு என்ன கேடு என்று தெரியவில்லை. அப்புறம் பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மூக்கும் ஒரு இறக்கையும் தெரிந்தன. கீழே ஜமக்காளம். அதில் முப்பது நாற்பது ஆண்கள் கம்பளியை முக்காடிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நாளில், ஒரே தெருவில், ஒரே மாதிரி ஏரோப்ளேன் வைத்த இரண்டு வீட்டில் சாவு இருக்கும் என்று எந்த மனிதன் நினைப்பான்? துக்க வீட்டில் வந்தவன் யார், என்ன என்று நாம் கேட்பதுமில்லை, முகத்தை நிமிர்ந்து பார்ப்பதுமில்லை. நானும் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்தில் இருந்தவர் மெதுவாக, "எங்கிருந்து?" என்றார். "கோட்லி. தலைப்பாகை கொண்டு வந்திருக்கேன். ரயில் லேட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த மனிதர் துள்ளி எழுந்து, "தலைப்பாகை வந்துருச்சு! மாமன் வந்துட்டார்!" என்று கத்தினார். முப்பது பேர் எழுந்தார்கள். இந்த அளவு மரியாதையை நான் உங்கள் வீட்டில் இதுவரை கண்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என்னைத் தள்ளிக்கொண்டே பந்தலுக்குள் போனார்கள். உள்ளே ஜனங்களின் மூச்சும் டீ ஆவியும் சேர்ந்து என் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. துடைக்கக் கையை விட்டால்தானே? "கட்டுங்க, கட்டுங்க, நேரமாச்சு" என்று குரு கிரந்தம் ஓதிய கிரந்தியாரின் குரல். யாரோ என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தது மட்டும் நிழலாகத் தெரிந்தது. மாப்பிள்ளை இந்த வயதில் எனக்கு மண்டியிடுகிறாரே என்று, சத்தியமாக, என் கண் நிறைந்துவிட்டது. முதல் சுற்றைச் சுற்றினேன். பின்பக்கம் கை போனபோது ஒரு தடித்த பின்னல் தட்டுப்பட்டது. நீங்கள் ஐந்து வருஷமாக வழுக்கை. அதற்குள் கூட்டம் ஜெயகோஷம் போட்டுவிட்டது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். என் இளமஞ்சள் துணி முதல் சுற்றோடு ஒரு பெண்ணின் தலையில் இருக்கிறது. இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். உதடு வெடித்த, வெயிலில் கறுத்த முகம். பெயர் வீர்பால். செத்தவர் அவளுடைய தகப்பனார் சர்வன் சிங். ஐம்பத்தெட்டு வயதில், கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வரப்பில் விழுந்தவர். பெற்ற பிள்ளை இவள் ஒருத்திதான். கல்யாணம் ஆகாதவள், அதனால் தலைப்பாகை தாய்மாமன்கள் கொண்டுவர வேண்டியது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தப்பான வீட்டில் நிற்கிறேன், உங்கள் வீட்டில் நீங்கள் வெறுந்தலையோடு நிற்கிறீர்கள் என்பதுதான். "அம்மா, ஒரு தப்பு..." என்று வாயைத் திறந்தேன். அவள் காலைத் தொடுவதுபோல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ரெண்டே நிமிஷம் உக்காருங்க. எழுந்துறாதீங்க" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்திருப்பீர்கள் நீங்கள்? கட்டிய தலைப்பாகையை ஊர் பார்க்க அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு ஓடியிருப்பீர்களா? எதிரே ஒரு மீசைக்காரர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். சர்வன் சிங்கின் தம்பி, தல்பாரா சிங். அவருக்குப் பின்னால் அவர் மகன், தலையைச் சீவி, தயாராக, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நின்றான். மாமன்கள் வராவிட்டால் அந்தப் பையனுக்குக் கட்டிவிடுவது என்று ஏற்பாடாம்.

"நீங்க எந்த மாமன்? மூணு பேரையும் எனக்குத் தெரியுமே" என்றார் தல்பாரா சிங்.

"ரயில் லேட்டுங்க" என்றேன்.

"வந்த தலைப்பாகையைப் பாருய்யா. ஆளை எதுக்கு ஆராய்ச்சி பண்றே? உக்காரு" என்றார் கிரந்தியார்.

தல்பாரா சிங் உட்காரவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இவ தலையில கட்டறீங்களே, இவ யாரு? அப்பன் வரப்புல விழுந்து கிடக்கறான், இவ முதல்ல மடையை அடைச்சுட்டு அப்புறம்தான் ஆளைக் கூப்பிட்டா!" என்றார்.

வீர்பால் திரும்பிப் பார்த்தாள். "அடைக்காம விட்டிருந்தா உங்க வயல்தான் முழுகியிருக்கும், சித்தப்பா. அப்பாவுக்கு உசுரு போயிருச்சுன்னு தெரிஞ்சுதான் அடைச்சேன்."

கிரந்தியார் அடுத்த ஆளுக்குக் கைகாட்டினார். மற்ற பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அடுத்தடுத்த சுற்றைச் சுற்றினார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது, மாப்பிள்ளை. அந்தப் பெண்ணுக்காக ஒரு பாதி, நசீப்பை நினைத்து மறுபாதி. எழுந்திருக்கலாம் என்று பார்த்தால் தட்டில் ரொட்டியும் பருப்பும் வைத்துவிட்டார்கள். மாமன் சாப்பிடாமல் யாரும் கை வைக்கமாட்டோம் என்று நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். நாலு ரொட்டி சாப்பிட்டேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, பசியாகவும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் நான் யார், எங்கே போக வேண்டியவன் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. "சித்தப்பா போன வாரம் என் மாமனுங்க வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு வந்தார். அதுக்கப்புறம் அவங்க போனை எடுக்கல. இன்னைக்கு அவர் மகன் தலையில கட்டியிருந்தா, நாளைக்குக் காலையில எங்க வயல்ல அவங்க டிராக்டர் நிக்கும். நீங்க பனியிலருந்து வந்தீங்க. நான் ஒண்ணும் யோசிக்கல, மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, நாலு வீடுதான் என்றாலும், தலைப்பாகையோடு டிராக்டரை எடுத்து என்னை உங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டாள். அங்கே ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நாயிடம் ஒரு ஜிலேபி இருந்தது. நீங்கள் கேட்டருகே வந்து, என் வெறுங்கையைப் பார்த்து, "அடுத்தது என் சாவுதான். அதுக்காவது நேரத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சாத்தினீர்கள். ஜன்னலில் நசீப் நின்றாள். அவள் முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆக, மாப்பிள்ளை, நடந்தது இதுதான். முழுக்க முழுக்கத் தவறு. பனியின் தவறு, ரயிலின் தவறு, தண்ணீர்த் தொட்டியின் தவறு. அந்தப் பெண் யாரோ, நான் யாரோ. வேறொரு தலைப்பாகை வாங்கி வைத்திருக்கிறேன், அதே இளமஞ்சள். நீங்கள் எந்த நாள் சொன்னாலும், உங்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், காலில் விழுந்து, என் கையால் கட்டுகிறேன். நசீப்பை மட்டும் அழைத்துக்கொள்ளுங்கள். பெரியவரின் ஆத்மா குருவின் காலடியில் இளைப்பாறட்டும். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு மாமனின் ஆசிகள். உங்களுக்கு என் கூப்பிய கைகள், நீங்கள் கேட்டைத் திறக்கும் வரை கூப்பியபடியே.

என்றும் தங்கள் பணிவுள்ள,
பச்சித்தர் சிங்,
ரோட்வேஸ் கண்டக்டர் (ஓய்வு).

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, அன்று என் நம்பரை வாங்கி வைத்திருந்த வீர்பாலிடமிருந்து போன் வந்தது. "உங்க தங்கச்சி திரும்பி அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்பதற்காகத்தான் கூப்பிட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் துருவியதும் மீதியும் வந்தது. தல்பாரா சிங் அந்த மூன்று மாமன்களிடமும் விசாரித்துவிட்டாராம். ரயிலில் வழி தப்பி வந்த எவனோ கட்டிய தலைப்பாகை செல்லாது என்று, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உங்கள் ஊர் குருத்வாராவில் பெரியவர்களைக் கூட்டியிருக்கிறாராம். "நீங்க உண்மையைச் சொல்லிருங்க. உங்க வீட்டுப் பிரச்சினை தீரட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள். என்னத்தைப் பார்த்துக்கொள்வாள்?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நசீப் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துக்கொண்டு நிற்கிறாள். பதினோரு நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசினாள். "இது தல்பாரா சிங் கையில போச்சுன்னா அந்தப் பொண்ணு கெட்டா" என்றாள். அப்படியானால் கிழித்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், அனுப்பு. எங்க வீட்டுக்காரர் கோவக்காரர். காட்டிக் கொடுக்கற ஆள் இல்ல" என்றாள்.

ஆகையால் மேலே எழுதிய எதையும் தயவுசெய்து நம்ப வேண்டாம். நான் வழி தப்பவில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும். அந்த வீட்டுக்கென்றே புறப்பட்டு வந்தேன், அந்தப் பெண்ணின் தலையில் அறிந்தேதான் கட்டினேன், நான் அவளுடைய மாமன், நசீப் அவளுக்குச் சித்தி. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் முன்னால் இதைத்தான் சொல்லப்போகிறேன், அதனால் உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வாய் இல்லை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, எனக்குத் தெரிந்த கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடுங்கள், போடாவிட்டால் உங்கள் இஷ்டம். நானும் நசீப்பும் சனிக்கிழமை மாலையே வந்து வீர்பால் வீட்டில் தங்குகிறோம். உங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், தொந்தரவு செய்யமாட்டோம். தல்பாரா சிங் பக்கம் இருபது பேர் வருவார்களாம். அம்மா வழிச் சொந்தம் என்று உட்கார நாங்கள் இரண்டே பேர். மூன்றாவதாக ஒரு ஆள், அந்த ஊரில் மதிப்புள்ள ஆள், சும்மா வந்து உட்கார்ந்தால்கூடப் போதும். நீங்கள் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டால், நசீப்பின் வீட்டுக்காரன் என்று சொல்லுங்கள்.