எடுக்காதே, ரோமிங்!

"எடுக்காதே! ரோமிங்!"

யதிராஜ் கத்திய கத்தலில், ஹனோய் பஸ் நிலையத்தில் சோளம் விற்ற அம்மாவே திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜயஸ்ரீ பட்டன் போனைப் புருஷனிடம் நீட்டினாள்.

"பூமாரின்னு வருது. யாருங்க அது?"

"பக்கத்து மெஷின்ல நின்ன பொண்ணு. தூத்துக்குடிக்காரி. வர்றப்போ சாக்லேட் வாங்கினு வாங்கன்னு சொல்லத்தான் கூப்புடும். அதுக்கு நாம காசு அழணுமா?" கட் செய்தான்.

வெளிநாடுதான், ஆனால் மலிவு வெளிநாடு. பை ஏழு கிலோ தாண்டக் கூடாது என்றதால் மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறியவன் அவன். கோலாலம்பூரில் பதினோரு மணி நேரம் தரையில் படுக்கை. ஹனோய் லாட்ஜில் அடுக்குக் கட்டில். மேலே ஜயஸ்ரீ, கீழே இவன், எதிரே குறட்டை விடும் எந்த நாட்டுக்காரனோ. ஆனாலும் நேற்று சாயங்காலம் ஏரிக்கரையில் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, முட்டை அடித்து ஊற்றிய காபியைக் குடித்தபோது, மூக்கு நுனியில் நுரையோடு ஜயஸ்ரீ சிரித்துவிட்டாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வைத்திருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் அவனுக்குப் போய்விட்டது.

உண்மை இதுதான். ஒரகடத்துத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் அவன் ஓட்டிய, தகடு அழுத்தும் ஏழாம் நம்பர் பிரஸ் இப்போது இந்த நாட்டில் இருக்கிறது. எட்டு மாதம் முன்பு கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு, மெஷின்களைக் கப்பலேற்றி இங்கே அனுப்பிவிட்டது.

மெஷின் போனால் போகிறது, இரும்பு. ஆனால் அதன் சுவிட்ச் பேனல் கதவின் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கை இருந்தது. ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். ஆறு வருஷம் முன்பு அப்படி வந்த ஐந்து வயது மகள் ஜாஹ்னவி, அவர்களின் ஜானு, தரையில் கோடு போட வைத்திருந்த மஞ்சள் பெயின்டில் வலது கையை முக்கி, திறந்திருந்த கதவில் பளிச்சென்று பதித்துவிட்டாள். துடைத்துவிடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னான்; துடைத்தாயிற்று என்றே ஜயஸ்ரீயும் நினைத்திருந்தாள். அடுத்த மாதமே காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. அப்புறம் எப்படித் துடைப்பது? போட்டோ எடுக்கவும் வழியில்லை. கேமரா போனைக் கேட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள், பட்டன் போன் வந்ததே அதனால்தான். மெஷினைக் கழற்றுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் கடைசி வாரம் பென்னலூர் வீட்டிலேயே சுருண்டு படுத்துக்கொண்டான். அன்றிலிருந்து கம்பெனி ஆட்கள் யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. எடுத்தால் அழுதுவிடுவான்.

அந்தக் கையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வியட்நாம் வந்தது அதற்குத்தான். ஜயஸ்ரீயிடம் சொன்னது, கடலுக்குள் மலை, மலை நடுவே படகு.

"படகுக்கு இந்த பஸ்தானே?"

"இதேதான், ஏறு."

ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கிய இடத்தில் கடல் இல்லை. கன்டெய்னர் லாரிகள், வரிசையாகக் கம்பெனி பஸ்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்கி வழிந்து வரும் பெண்கள்.

"இன்னாங்க இது? நம்ம ஒரகடம் மாதிரியே கீது?"

"கடல் பின்னால கீது. பைக்ல போனா பத்து நிமிஷம்."

திட்டம் ரொம்பச் சுலபம். லாட்ஜ்காரப் பெண்ணிடம் அவள் மொழியில் இரண்டு சீட்டு எழுதி வாங்கியிருந்தான். ஒன்றில் ஒரு காபிக்கடை, ஒன்றில் கம்பெனி விலாசம். ஜயஸ்ரீயைக் காபிக்கடையில் உட்கார வைத்துவிட்டு, படகு டிக்கெட் வாங்கப் போவதாகச் சொல்லி, ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். வாடகை பைக் இரண்டு பிடித்தான். ஓட்டுகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தான். இரண்டு பைக்கும் வேறு வேறு திசையில் பறந்தன.

வழியில் போன் அடித்தது. பூமாரி. "அட, சாக்லேட்டுக்கு இவ்ளோ அவசரமா!" கட்.

பைக் போய் நின்றது காபிக்கடை வாசலில்.

சீட்டு மாறிவிட்டது. ஜயஸ்ரீயின் போனில் வெளிநாட்டு இணைப்பும் கிடையாது. ஜோடிக்கு ஒரு ரோமிங் போதும் என்று சிக்கனம் பிடித்தவன் இவனேதான். வந்த பைக்கும் போய்விட்டது. வழி கேட்டுக் கேட்டு ஓட்டமும் நடையுமாக அவன் கம்பெனி கேட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று.

செக்யூரிட்டியின் நாற்காலியில் ஜயஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். கையில் டீ. தலைக்கு மேலே, பதினாறு வருஷம் அவன் தினமும் பார்த்த அதே நீல போர்டு.

"இதான் படகா?"

அவன் கேட் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். ஜானு என்ற பெயரை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஜயஸ்ரீ டீயைக் கீழே வைத்தாள். பிறகு, "அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமைகூட ஓ.டி. வேலைக்குப் போனீங்களா?" என்றாள். "நான் என் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தான் போறீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"ஜயா..."

"இத்தினி வருஷம் நீங்க மட்டும் பாத்துகினு இருந்திருக்கீங்க. எனக்குக் காட்டணும்னு தோணல இல்ல?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க. வந்தது வந்துட்டோம். கேட்டுப் பாக்கலாம்."

செக்யூரிட்டி நல்ல மனுஷன். தன் போனில் இருந்த மொழிபெயர்ப்பை நீட்டினான். யதிராஜ் பேசினான். அதைப் படித்த செக்யூரிட்டி வெளிறிப்போய் ஏதோ சொன்னான், போன் அதைத் தமிழில் கணீரென்று கேட்டது: "உங்கள் மகள் இயந்திரத்துக்குள் சிக்கியிருக்கிறாளா?"

ஜயஸ்ரீ அழுதுகொண்டே சிரித்தாள். இந்த முறை அவளே போனை வாங்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். செக்யூரிட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஓடினான். இருபது நிமிஷம் கழித்து மெஷின் ஓட்டும் ஒரு பெண்ணோடு திரும்பி வந்தான். அவள் ஜயஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு பேச, போன் சொன்னது: "மன்னிக்கவும். அந்த இயந்திரம் கதவில்லாமல் வந்தது. நாங்கள் புதிய கதவு பொருத்தினோம்."

இரண்டு பேரும் சாலையோரப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். குழந்தை இரண்டாம் தடவை போனமாதிரி இருந்தது. யதிராஜ் விக்கி விக்கி அழுதான். ஜயஸ்ரீ அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

போன் அடித்தது. பூமாரி. அவன் பழக்கதோஷத்தில் கட் செய்யப் போனான்.

"எடுங்க. ரோமிங் போனா போவுது, பாவம் சாக்லேட்தானே," என்று ஜயஸ்ரீ போனைப் பிடுங்கிப் பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

"அண்ணாச்சி, ஒரு வழியா எடுத்தியளா! எட்டு மாசமா கூப்புடுதேன். நாளைக்கி ரூமைக் காலி பண்ணிட்டு மறைமலை நகர் போறேன். உங்க பிரஸ் கதவைப் பேக்கிங்காரனுவ தொலைச்சிரப் படாதேன்னு நான் கழட்டிக் கொண்டாந்து, பாப்பா கை அழியாம சேலை சுத்திக் கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். பென்னலூர்லருந்து இந்தா இருக்க வடக்குப்பட்டுக்கு ஒரு எட்டு வந்து எடுத்துட்டுப் போவ உங்களுக்கு இம்புட்டு அலுப்பா?"