அவர் சொல்ல வருவது என்னவென்றால்

ஊருக்கெல்லாம் பேசிக் கொடுக்கிறவர்களுக்குத் தங்களுடைய காரியம் என்று வரும்போது மட்டும் வாய் வராது. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பாரிசில் எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் நான்தான். சம்பளம் கிடையாது. விசா புதுப்பிக்கிற பிரெஃபெக்சர் அலுவலகக் கவுண்டரில் அப்பா, "மூண்டு மாசமா அலைக்கழிக்கிறாள். நாங்கள் மனிசரில்லையோ எண்டு கேள் பிள்ளை" என்பார். நான் அந்தப் பெண்மணியிடம், "உங்கள் பொறுமைக்கு அப்பா நன்றி சொல்கிறார்" என்பேன். தம்பி நிஷான் வகுப்பில் மேசைமேல் ஏறி நின்றதாக ஆசிரியை முறையிட்டபோது, "மகன் நல்ல சுறுசுறுப்பாம்" என்று அம்மாவிடம் சேர்ப்பித்தேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதி மாமிமார் டொக்டரிடமும் வங்கிக்கும் என்னை இரவல் வாங்கிப் போவார்கள். (திருப்பித் தரும்போது கையில் தின்ன ஒரு றோல்ஸ் இருக்கும்.)

2011இல், புறநகர் லீசே உயர்பள்ளி ஒன்றில் இரண்டு வருட வணிக டிப்ளோமாவை முடிக்கும் தறுவாயில், பாரிசின் பேர்போன வணிகப் பள்ளி ஒன்றில் நேரே மூன்றாம் வருடத்துக்குச் சேர விண்ணப்பித்தேன். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். மிச்சம் நேர்முகம்தான். உணவகக் குசினியில் நின்றே காலம் கழித்த அப்பா, "என்ரை பிள்ளை கதிரையிலை இருந்து வேலை செய்யும்" என்று லா ஷப்பலின் ரூ காய் கடைத்தெருவில் கண்டவர் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார். நேர்முகத்தன்று லீவு போட்டுவிட்டு என்னோடு வந்து பள்ளி வாசலில் நின்றார்.

அது ஐந்து பேர் வட்டமாக இருந்து கதைக்கிற குழு நேர்முகம். பக்கத்தில் பெரிய சுப்பர்மார்க்கெட் வந்துவிட்டது, சின்னக் கடைக்காரர் என்ன செய்யலாம் என்பது கேள்வி. ரூ காய் கடைகளுக்குள் வளர்ந்த எனக்கா பதில் தெரியாது! நான் வாயைத் திறப்பதற்குள் க்ளெமோன் என்ற பொடியன் தொடங்கி, "வாடிக்கையாளர்... அதாவது... உறவு..." என்று வியர்த்து வழிந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் சொல்ல வருவது என்னவென்றால்," என்றேன். வாடிக்கையாளர் வீட்டில் எப்போது கல்யாணம், யாருக்கு நீரிழிவு என்று தெரிந்த கடைக்காரரை எந்தச் சுப்பர்மார்க்கெட்டாலும் அசைக்க முடியாது என்று, என் பதிலை அப்படியே தூக்கி அவன் மடியில் வைத்தேன். "அதேதான்!" என்றான் அவன். பிறகு மற்ற மூன்று பேருக்கும் அதே சேவை. நடுவர் ஒருவர் கேள்வி கேட்கத் தடுமாறியபோது அவருக்கும் விளக்கம் கொடுத்தேன். (யாராவது நிறுத்தச் சொன்னால்தானே நிறுத்துவதற்கு!)

வெளியே வந்ததும் அப்பா ஓடிவந்தார். "என்ன மாதிரி பிள்ளை?"

"நல்லாச் செய்தனான் அப்பா. எல்லாரும் தலையாட்டினவை."

சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

முடிவு வந்தபோது க்ளெமோனின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. பள்ளிக்குத் தொலைபேசினேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். நடுவராக இருந்த பெண்மணி அன்பாகத்தான் பேசினார். "மற்ற எல்லாரையும் நீங்கள் சொல்லித்தான் விளங்கிக்கொண்டோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. அடுத்த வருடம் கட்டாயம் வாருங்கள்."

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இடம் முடிஞ்சுதாம்."

"அப்ப அடுத்த வருசம்?"

"ஒருக்காத்தான் விடுவினமாம், அப்பா."

என் வாழ்க்கையில் நான் செய்த ஆக மோசமான மொழிபெயர்ப்பு அதுதான். இன்னொரு தடவை அவரை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொன்னால் அப்பா நம்புவார், அன்றைக்கும் நம்பினார். இப்போது காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன், கதிரைக்குக் குறைவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் போயிருக்கலாமே என்று மனது இன்னும் அரிக்கிறது.

க்ளெமோன் கதையை மட்டும் நிஷானிடம் சொன்னேன். அவன் அதைக் குடும்பச் சொத்தாக்கிவிட்டான். வீட்டில் யாராவது இருமினால், "அக்கா, அவர் என்னவாம்?" என்பான். (மற்ற நேரமெல்லாம் பிரெஞ்சு. தமிழ் என்னைக் கிண்டல் செய்ய மட்டும்.)

போன மாதம் ரூ காயில் எல்லாருமாகச் சாப்பிடப் போனோம். பரிமாறுகிறவர் கடைசியாக என்னிடம் வந்து, "அக்கா, உங்களுக்கு?" என்றார்.

"அவ சொல்ல வாறது என்னெண்டால்," என்று நிஷான் எழுந்து நின்றான், "ஒரு மசாலா தோசை!"

மேசையே அதிர்ந்தது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அன்று கொத்துரொட்டி சாப்பிடத்தான் ஆசையாக இருந்தது. தோசை வந்தது, சாப்பிட்டேன்.