பெற்ற வாப்பா சொன்னால் செல்லாது

ஏறாவூர்.

மதிப்புக்குரிய மச்சான் அப்துல் கபூர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் சுகம். மகள் நிஸ்றாவும் சுகம் என்று அவளே சொன்னாள். ஓட்டமாவடியில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் உங்கள் பக்கத்துக் கடைக்காரர் என்பதால் நம்பத்தகுந்த தகவல் என்றே எடுத்துக்கொண்டேன். உங்கள் தங்கை றம்லா உடுப்புப் பையோடு உங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். மற்றத் தரப்பும் பதிவாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் உங்களுக்குப் போன் எடுத்தால் அவள் வாங்கி வைத்துவிடுகிறாள்.

பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் விக்கிப்பீடியாவில் எழுதி வருவது உங்களுக்குத் தெரியும். சம்பளம் இல்லை, ஒரு நன்றிகூட இல்லை, ஆனால் விட முடியவில்லை. காலையில் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் யார் எதை மாற்றினார்கள் என்று பார்த்தாக வேண்டும். காற்புள்ளி இல்லாத இடத்தில் ஒன்றைப் போடாவிட்டால் சோறு இறங்காது. அங்கே நிதுர்ஷன் என்று ஒரு பயனர், முகம் கண்டதில்லை, நான் எழுதுவதையெல்லாம் நீக்குவதே அவனுக்கு வேலை. ஒருநாள் நீக்கவில்லை என்றால் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்று எனக்குக் கவலையாகிவிடும். கட்டுரைக்காகப் பனிச்சங்கேணிப் பாலத்தில் படம் எடுக்க பஸ்ஸை நிறுத்தச் சொன்னது உண்மை. றம்லா வாங்கிய நண்டுகளைச் சட்டியில் போடவிடாமல் முதுகு, வயிறு, கால் என்று படம் பிடித்ததும் உண்மை, அதற்குள் ஒன்று அலுமாரிக்குக் கீழே போனதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கெல்லாம் அவள் பை எடுக்கவில்லை.

நிஸ்றாவுக்கு மாப்பிள்ளை கேட்டுக் காத்தான்குடிக்குப் போனோம். மாப்பிள்ளை ஸாஹிர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் அவளோடு படித்தவர், பிள்ளைக்கும் விருப்பம். அவருடைய வாப்பா ஹனீபா ஹாஜியார் இனிப்புக்குத் தொதல் தந்து, தேத்தண்ணீர் தந்து, “சொல்லுங்க, ஒங்கட புள்ள எப்பிடி?” என்று கேட்டார். மச்சான், விக்கிப்பீடியாவில் எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. தன் ஆட்களைப் பற்றித் தானே எழுதக் கூடாது, நலமுரண் என்பார்கள். ‘இது அவர் மகன் எழுதியது’ என்று கண்டுபிடித்து எத்தனையோ கட்டுரைகளை வெட்டியவன் நான், இப்போது எந்த வாயால் புகழ்வது? “நான் அவளப் பெத்த வாப்பா. நான் சொன்னா செல்லாது. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆக்கள்ட்டக் கேளுங்க” என்றேன். பெண்ணில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். பேச்சை மாற்ற ஹாஜியார், “நாங்க இந்த ஊருல பேர்போன குடும்பம்” என்றார். எதற்கும் ஆதாரம் கேட்கும் பழக்கதோஷம், “எந்தப் பத்திரிகையில வந்த?” என்று கேட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் றம்லா கேட்டாள்: “நம்மட புள்ள நல்லவ எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஒங்கட நாக்குக்கு ஆருட்ட அனுமதி வேணும்?” அடுத்த நாள் காலையில் பையை எடுத்தாள். நிஸ்றா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. முகத்தைப் பார்க்காமல் சோறு போடுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

றம்லா சொல்வதில் நியாயம் உண்டு என்று ஒரு கருத்து இருக்கிறது. நான் நடந்துகொண்டது நேர்மை என்றும் ஒரு கருத்து இருக்கிறது. அது தற்போதைக்கு என்னிடம் மட்டும்தான். மூத்தவர் நீங்கள் இரண்டையும் பார்த்து, அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பி வையுங்கள். ஹாஜியாரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். இந்தச் சம்பந்தம் முறிந்தால் என் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்?

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் அல்லாஹ் சுகத்தையும் பொறுமையையும் தரட்டும். பொறுமையில் கொஞ்சம் றம்லாவுக்குக் கூடுதலாகத் தரட்டும். இதில் பிழை கண்டால் தாராளமாகத் திருத்துங்கள், ஏன் திருத்தினீர்கள் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
றவூப்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹாஜியாரே எனக்குப் போன் எடுத்தார். நான் சொன்னதை மனிதர் அப்படியே செய்திருக்கிறார். நிஸ்றா படிப்பிக்கும் பள்ளிக்கூடம், எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகள், மீன்காரர் வரைக்கும் விசாரித்தாராம். “புள்ளயப் பத்தி எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்றாங்க, தங்கமான புள்ள எண்டு. வாப்பாவப் பத்தித்தான் ரெண்டு கருத்து இருக்கு. எங்களுக்குச் சம்மதம்” என்றார். பிறகு, “இப்ப நீங்க சொல்லுங்க, புள்ள எப்பிடி?” என்றார். திறந்த வாயை நான் மூடவில்லை, மச்சான். அவள் நடை பழகியது, நான் ஆசுபத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படித்தது, என் மறதியைத் தாயிடம் மறைத்துவைப்பது, எல்லாம் சொன்னேன். ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது. கடைசியில் நிஸ்றாதான், “போதும் வாப்பா, அவரு கடை திறக்கணும்” என்று போனைப் பறித்தாள். பறிக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். றம்லாவை நீங்கள் அனுப்பவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையோடு கொண்டு பின்னேர பஸ்ஸில் நானே வருகிறேன். அவளைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. உங்கள் முற்றத்தில் நின்று அக்கம்பக்கம் கேட்கச் சொல்லப் போகிறேன், அவள் வெட்கப்பட்டு உள்ளே ஓடினாலும் நிறுத்த மாட்டேன்.