ரெஸ்ட் எனக்கில்லை, வில்லுக்கு

யாருக்கு ரெஸ்ட்? எனக்கா? உன் அக்கா போனில் பாதி சொன்னால் மீதியைக் கேட்க உனக்குக் காது கிடையாதா? ரெஸ்ட் வேண்டியது எனக்கில்லை, என் வில்லுக்கு. வில்லில் அம்பைத் தாங்கிப் பிடிக்கிற சாமானுக்குப் பேர் ரெஸ்ட். நீயும் ஒரு வில்வித்தைச் சங்கத்துக்குச் செயலாளர்! என்னைச் சீக்காளி ஆக்கி, ஜோடிப் போட்டிப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டு நம் சங்கத்துத் தையல்காரர் பேரை எழுதி, அதில் எனக்கே ஒரு நகலும் அனுப்பியிருக்கிறாயே, உன்னை நான்...

சரி, உன் அக்கா நிறுத்தச் சொல்கிறாள். கடிதம் என்றால் முதலில் மரியாதை வேண்டுமாம்.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தானின் வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அதை நீதான் நம்பவில்லை. அங்கே உன் நலத்தையும், உன் முழங்கால் வலியின் நலத்தையும் அறிய ஆவலாக உள்ளோம்.

இந்தக் கடிதத்தில் வாய் என்னுடையது, கை உன் அக்காவுடையது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். அவளோ அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள். நான் ‘மடையன்’ என்று சொன்னால் அவள் ‘மைத்துனர்’ என்று எழுதுகிறாள். ஆகவே மரியாதையான வரி எது கண்ணில் பட்டாலும் அது என்னுடையது இல்லை என்று புரிந்துகொள். போகப்போக அவளுக்கும் கை வலிக்கும், அப்புறம் நான் பேசினபடியே வரும்.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த என் வில் கொஞ்ச நாளாகவே அம்பைக் கோணலாக அனுப்பிக்கொண்டிருந்தது. வில் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவர் போன் பண்ணினபோது நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். எடுத்தது உன் அக்கா. “ஐயாவுக்குப் புது ரெஸ்ட் வேணும்மா. அது இல்லாம போட்டிக்குப் போனா ஒண்ணும் நேரா நடக்காது”ன்னு அவர் சொல்லியிருக்கார். இவ உனக்குப் போன் போட்டு, “அவருக்கு ரெஸ்ட் வேணுமாம், இல்லைன்னா நேராவே நடக்க முடியாதாம்”னு சொல்லியிருக்கா. முப்பது வருஷம் ஊரார் பிழையையெல்லாம் திருத்தினவ, சொந்தப் புருஷனைப் பிழையோட அச்சுக்கு அனுப்பிட்டா. (இந்த வரியை எழுத மாட்டேன்னா. எழுதாட்டி தபால்தலை வாங்கித்தர மாட்டேன்னேன்.)

நான் போய் ரெஸ்ட் வாங்கினேன். கடைக்காரர் மேஜை மேல மூணு வகை எடுத்து வெச்சார். ஒண்ணு ரெண்டு விரலை நீட்டின மாதிரி. அதுமேல அம்பு சும்மா உக்காந்திருக்கும், லேசா சாய்ச்சா கீழே விழுந்துடும். இன்னொண்ணு, அம்பு கிளம்பின அடுத்த நொடியே தொபுக்குன்னு படுத்துக்கும். வேலை முடியறதுக்குள்ள படுக்கிற அந்தச் சாமான்தான் நீ வெச்சிருக்கறது. பொருத்தம் பார்த்துத்தான் வாங்கியிருக்கே. மூணாவது, ஒரு வளையம், உள்பக்கம் பூரா தூரிகை மாதிரி முடி. அம்பை நடுவுல செருகிட்டா வில்லைத் தலைகீழாப் பிடிச்சாலும் விழாது. நான் அதைத்தான் எடுத்தேன். முடி உரசினா அம்பு வேகம் குறையும்னு நீ சங்கத்துல பிரசங்கம் பண்ணுவே, எனக்குத் தெரியும். என் அம்புக்கு என்னப்பா, ரயிலையா பிடிக்கணும்? உன் அக்கா அதைப் பார்த்ததும் பாட்டில் கழுவவான்னு கேட்டா.

வாங்கினா ஆச்சா? பொருத்தணுமே. மேலே கீழே சரிபண்றது எனக்குக் கை வந்த கலை. முப்பத்தாறு வருஷம் லிப்ட்ல வேலை பார்த்தவன் நான். எந்த மாடியிலயும் லிப்ட் தரையும் மாடித் தரையும் ஒட்டி நிக்கும், ஒரு பாட்டி தடுக்கினது கிடையாது. ரசமட்டத்தை வெச்சுப் பார்த்து, நாணுக்கு அம்பு சரியா குறுக்கே நிக்கிற மாதிரி ஒரே மூச்சுல வெச்சுட்டேன். வம்பு வந்தது இடது வலதுல. லிப்டுக்கு ஏது இடது வலது?

அதுக்குக் கடைக்காரர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒரு சட்டத்துல செய்தித்தாளைக் கட்டி, ரெண்டு எட்டு தள்ளி நின்னு அம்பு விடணும். அம்பு நேராப் போனா தாள்ல ஒரு பொத்தலும் அதைச் சுத்தி மூணு இறகுக் கீறலும் இருக்கும். கோணலாப் போனா தாள் ஒருபக்கமா கிழியும். கிழிசல் இடதுன்னா ரெஸ்டை ஒரு மயிரிழை வலது பக்கம் நகர்த்தணும், வலதுன்னா இடது. அவ்வளவுதான்.

பின்முற்றத்துல பழைய ஜன்னல் சட்டத்தை நிறுத்தி, அதுக்குப் பின்னால வைக்கோல் கட்டை வெச்சேன். ஓரமா ஒதுங்கி நின்னு, நான் வில்லை இறக்கினதும் வந்து தாளைப் பார்த்துச் சொல்ல உன் அக்காவைக் கூப்பிட்டேன். நானே ரெண்டு எட்டு வெச்சுப் பார்க்கலாம்தான். சொல்ல ஆள் இருக்கும்போது எதுக்கு? முதல் அம்பு. “வலது”ன்னா. இடது பக்கம் நகர்த்தினேன். அடுத்தது. “வலது, முன்னைவிட அதிகம்”னா. இன்னும் நகர்த்தினேன். இப்படியே மூணு நாள். கிழிசல் பொத்தான் துளையா இருந்தது, சட்டைப்பை அளவுக்கு வந்துடுச்சு. கடைக்காரரைத் திட்டினோம், அம்பு செஞ்சவனைத் திட்டினோம், காத்தைத் திட்டினோம். நடுவுல ஒருநாள், அவ இன்னும் படிக்காத அன்னிப் பேப்பரை எடுத்துக் கட்டிட்டேன். மழை வரும்னு போட்டிருந்த இடத்துல பொத்தல் விழுந்து, அது தெரியாம துணியைக் காயப்போட்டு, மூணு புடவை நனைஞ்சது.

நாலாம் நாள் யாரோ வாசல் மணி அடிச்சாங்க. அவ என் பக்கமா நடந்து போறப்ப தாளைத் திரும்பிப் பார்த்தா. நின்னா. “ஏங்க, இந்தப் பக்கத்துலேருந்து பார்த்தா இடதா இருக்கே?” அப்பதான் விளங்குச்சு. மூணு நாளா அவ தாளுக்கு முதுகுப்பக்கம் நின்னு படிச்சுக்கிட்டிருந்திருக்கா! அவளோட வலது எனக்கு இடது. கல்யாணம் ஆன நாள்லேருந்தே அப்படித்தான்னு சொன்னேன், முறைச்சா.

மணி அடிச்சது யாரு? உன் சங்கத்து ஆளுங்க. அத்தான் படுத்த படுக்கைன்னு நீ ஊர்பூரா சொல்லிவிட்டிருக்கே. உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கணும், ஒத்துக்கறேன். ஆனா வந்தவங்கள்ல மருந்துக்கடைக்காரர் கையில ஆரஞ்சுப் பை இருந்தது. வாங்கிவந்த மனுஷனை ஏமாத்தலாமா? ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு ஒரு முனகல் முனகினேன். மறுநாள் சங்கத்துக் காசாளர் வந்தார், ஆப்பிள். அதுக்கு மறுநாள் தையல்காரரே வந்துட்டார், திராட்சை. பாவம், கட்டில் ஓரமா நின்னு, “நீங்க எழுந்திரிக்கிற வரைக்கும்தான் அண்ணே நான்”னு கண் கலங்கினார். போர்வைக்குள்ள என் கையில ரெஸ்டோட திருகைத் திருப்பற அலன் கீ இருந்தது. திராட்சை நல்ல இனிப்பு, கொட்டையில்லாத ரகம்.

விளையாட்டு போதும், இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆறு வருஷமா நீயும் நானும்தான் ஜோடி. ஆறு வருஷமும் கடைசிக்கு முந்தின இடம். அதை நாம யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தையல்காரர் ஊசியில நூல் கோக்கிற கண்ணு உள்ளவர். அவரோட நீ ஜோடி சேர்ந்து, தப்பித்தவறி மூணாவது வந்துட்டா, அப்புறம் என்னைச் சீந்துவியா? எனக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கு. ரெஸ்டும் அனேகமா நேராயிடுச்சு. சாயங்காலம் சரிபண்ணினா மறுநாள் ஒரு மயிரிழை நகர்ந்து நிக்குது, அவ்வளவுதான் குறை. திருகு தேய்ஞ்சிருக்கும்னு உன் அக்கா சொல்றா. இன்னும் ரெண்டு சாயங்காலத்துல மடக்கிடுவோம். அதனால தையல்காரர் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுது. ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல நிப்பேன்.

உன் வீட்டாருக்கு எங்கள் ஆசிகள். உன் மாமியாருக்கு என் தனிப்பட்ட பயபக்தி. நீ குறி தவறாமல் நூறாண்டு வாழ்க. இதுவரை எப்போது தவறாமல் இருந்தாய் என்பது வேறு விஷயம்.

இப்படிக்கு,
படுக்கையில் இல்லாத உன் அத்தான்

பின்குறிப்பு: இதையும் எழுது. முறைக்காம எழுது. மச்சான், இது உனக்கு மட்டும். எழுதறவ காதுல போட்டுக்காம எழுதணும். ரெஸ்ட் நாலாம் நாளே நேராயிடுச்சு. ஒரு பொத்தல், மூணு கீறல், அளவெடுத்த மாதிரி. அப்புறம் தினம் காலையில அவ குளிக்கப் போற நேரமாப் பார்த்து நான்தான் அலன் கீயால அரைத் திருகு திருகி வெப்பேன். ஏன்னு கேளு. சாயங்காலம் ஆனா அவ உள்ளறையில குறுக்கெழுத்து, நான் முன்னறையில டிவி. சாப்பாட்டு மேஜையிலதான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போம். இப்ப ஒன்பது நாளா வெளியில வந்து நின்னு, “உங்க இடது, உங்க இடது”ன்னு கத்தறா. முந்தாநாள் சிரிச்சாகூட. ரெஸ்ட் நேராயிட்டா அவ எதுக்கு வெளியில வரப்போறா? அதனால ஞாயித்துக்கிழமை விஷயமா நான் என்ன சொல்ல வர்றேன்னா

தம்பி, இது அக்கா. திருகு தேய்ந்த சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று நான் அந்தக் கடைக்காரரிடம் மூன்று தடவை போனில் சண்டை போட்டிருக்கிறேன். உன் அத்தான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நான் பேனாவை மூடப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை தையல்காரரே வரட்டும். வெளிச்சம் போவதற்குள் நான் தாள் கட்ட வேண்டும்.