குண்டே போடாத பொம்மர்

குண்டு போடும் பொம்மர் விமானத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த ஈழத் தமிழர்களில், டென்மார்க்கில் பொம்மரைத் தேடிப்போன ஒரே மனுசன் எங்கள் பொம்மர் அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயரை எங்கள் சில்க்போர்க் நகரத்தில் யாரிடம் கேட்டாலும் தலையைச் சொறிவார்கள். எனக்கும் தெரியாது.

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே பென்சன் எடுத்த டெனிஷ்காரர்கள் கூடி, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, நடுவில் கம்பிகள், மரச்சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த துணி. அதைப் பறக்கவிடும் எண்ணம் யாருக்கும் இல்லை. இயந்திரம் ஒருதரம் உறுமினால் போதும் என்பதுதான் அவர்கள் ஆசை. சிறகுக்குத் துணி தைக்கும் வேலையை அண்ணை கையில் எடுத்தார்.

அதன்பிறகு கலியாண வீடோ செத்த வீடோ, அவர் பக்கத்தில் இருந்தவன் தொலைந்தான். பந்தியில் இரண்டு அப்பளத்தை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்து விளக்கம் தருவார். கீழ்ச் சிறகைக் கடித்துத் தின்ற பிறகும் பேச்சு முடியாது. ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை விரலால் சுண்டிப் பார்த்து, சிறகுக்குத் தாங்காது என்று தீர்ப்புச் சொன்னார்.

அவருக்கு இருந்த ஒரே கவலை மனைவி மணி அக்கா. ஊரில் குண்டு விழுந்த அன்று அக்கா பங்கர் குழிக்குள் பதுங்கி இருந்தவர். வெளியே வந்து பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. “கொட்டகைக்குக் கட்டிக் குடுக்கச் சொன்னா சோறு கட்டிக் குடுப்பன். அதை வந்து பாக்கமாட்டன்” என்று சொல்லிவிட்டார்.

இயந்திரத்தை முதன்முதலாக இயக்கும் நாளில் அக்கா கையால் பொட்டு வைக்காவிட்டால், தைத்ததெல்லாம் வீண் என்று அண்ணை என்னிடமே சொல்லியிருக்கிறார். அந்த விமானம் ஒருத்தர் தலையிலும் குண்டு போட்டதில்லை, தான் வடிவாக விசாரித்தாயிற்று என்று வீட்டில் ஓதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா மனமிரங்கினார்.

அன்று நாங்கள் எல்லோரும் உடுத்துக்கொண்டு போனோம். புதுக் காருக்குச் செய்வதெல்லாம் பொம்மருக்கும் நடந்தது. சில்லுக்கு அடியில் தேசிக்காய், மூக்கில் சந்தனம். குண்டு கொழுவும் கொக்கிகளில் அண்ணை பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார். அக்கா சுடுசட்டியைத் தொடுகிறவர்போலச் சட்டென்று பொட்டு வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார்.

இயந்திரம் முதலில் இருமியது. பிறகு உறுமியது. அவ்வளவுதான், பட்டுச் சேலையும் கோட்டுமாக நாங்கள் அத்தனை பேரும் சீமெந்துத் தரையில் குப்புற விழுந்தோம். யாரும் சொல்லவில்லை, உடம்பு தன்பாட்டில் படுத்துவிட்டது. இதுவும் பூசையில் ஒரு பகுதி என்று நினைத்த டெனிஷ்காரர்கள், காப்பிக் கோப்பைகளை ஓரமாக வைத்துவிட்டு மரியாதையாகத் தாங்களும் படுத்தார்கள்.

இருக்கையில் இருந்தவர் பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார். நான் தலையைத் திருப்பினேன். பொம்மர் அண்ணை, தான் பார்த்துப் பார்த்துத் தைத்த விமானத்துக்கு முதுகைக் காட்டியபடி, மணி அக்காவை மூடிக் கவிழ்ந்து கிடந்தார்.

“இது குண்டே போடாதெண்டு சொன்னனீங்களெல்லே?” அக்காவின் குரல் அடியிலிருந்து வந்தது.

“ஓம், போடாதுதான். எண்டாலும் நீர் கொஞ்சம் படுத்திரும்.”

பிறகு எழும்பிக் கோட்டைத் தட்டிவிட்டு, இது எங்கள் வழக்கம் என்று அந்த டெனிஷ்காரர்களின் சங்கத் தலைவருக்கு டெனிஷில் முகம் மாறாமல் விளக்கினார். இப்போதும் இயந்திரத்தை இயக்கும் நாட்களில் அந்தக் கிழவர்கள் முறை தவறாமல் விழுந்து கும்பிடுகிறார்கள். நாங்கள்தான் பழகிப்போய் நிற்கிறோம். மணி அக்காவும் வருகிறார். சத்தம் தொடங்கியதும் அண்ணை மெல்ல நகர்ந்து, அக்காவுக்கும் விமானத்துக்கும் நடுவில் போய் நிற்பார். கேட்டால், அக்காவுக்குக் குளிர்காற்று ஒத்துக்கொள்ளாது என்பார். அந்த மனுசனை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.