தீர்மானம் அண்ணை எண்ண மறுத்த கைகள்

தீர்மானம் அண்ணையைப் போல வாக்கெடுப்பை நம்பிய மனிதர் உலகத்தில் இன்னொருவர் இருக்க முடியாது. விட்டிருந்தால் மொன்றியலில் பனி பெய்யலாமா என்பதற்கும் கை தூக்கச் சொல்லியிருப்பார். வேண்டாம் என்று முடிவானால் மேகத்துக்கு அறிவித்தும் இருப்பார்.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு கிடங்குக்குப் பின்னால் எங்கள் கட்டடம். பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடும்பங்கள், இரண்டு மட்டக்களப்புக் குடும்பங்கள், ஒரு பஞ்சாபித் தாத்தா, மூன்றாம் மாடியில் ஒரு ஹெய்ட்டிக் குடும்பம், கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் சோதிக்க வந்த நான். அண்ணையின் சொந்தப் பெயர் தபால் பெட்டியில் மட்டும் இருந்தது. பகலில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். மாலையில் நாட்டை ஆள்வார். நாடு என்பது அடித்தளத்தில் இருந்த துணி துவைக்கும் அறை.

அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் சில: மெஷின் நின்ற பிறகும் சொந்தக்காரர் வராவிட்டால், அடுத்தவர் துணியை எடுத்து வெளியே வைக்கலாம். உள்ளாடை என்றால் வைக்கக் கூடாது. கருவாடு பொரிப்பது ஞாயிறு மட்டும். லிப்டில் யாரிடமும் "எப்ப கலியாணம்?" என்று கேட்கக் கூடாது. கடைசித் தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நான். பெருவாரியாக வென்றேன்.

ஒவ்வொன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அறிவிப்பார். அவருடைய பிரெஞ்சு மொத்தமே வணக்கம், வாக்கு என்ற இரண்டு சொற்கள்: "போன்ஜூர்! வோத்!" அதை வைத்துக்கொண்டே ஒருமுறை நகரசபைக் கேள்வி நேரத்துக்குப் போய்விட்டார். பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை வேண்டும் என்பது கேள்வி. தலைவர் பதில் சொல்ல வாய் திறக்குமுன், இவர் பார்வையாளர் பக்கம் திரும்பி, "போன்ஜூர்! வோத்!" என்றார். பாதிப் பேர் கை தூக்கினார்கள். எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது.

வீட்டிலும் இதே கதைதான். இரவுக்குப் புட்டா, இடியப்பமா என்று வாக்கெடுத்தால் எப்போதும் ஒன்றுக்கு ஒன்று. அவர் மனைவி ராணி அக்கா அதற்கு ஒரு சட்டத்திருத்தம் வைத்திருந்தார்.

"சமநிலை எண்டா, அடுப்படியில நிக்கிற ஆளுக்கு ரெண்டு வாக்கு. இறங்கி வாங்கோ கீழ."

போன குளிர்காலத்தில் வாசலில் வைக்கும் பார்சல்கள் காணாமல் போகத் தொடங்கின. எங்கள் கட்டடத்து லலிதா அக்காவின் மகளுடைய சாமத்திய வீட்டுக்காக, எங்கள் ஊரில் சொன்னால் மஞ்சள் நீராட்டுக்காக, சென்னையிலிருந்து வந்த பட்டுப் பாவாடையும் போனது. கேமராவில் ஒரு பையனின் முதுகு தெரிந்தது. கறுப்பு ஜாக்கெட், தலையை மூடிய தொப்பி, பார்சலைப் பிடித்த ஒரு கறுத்த கை. முகம் இல்லை.

லலிதா அக்கா முடிவே கட்டிவிட்டார். "மூண்டாம் மாடிக் கறுவல் பெடியன்தான். கையைப் பாருங்கோவன்!"

"உங்கட கையையும் ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ லலிதாக்கா" என்றார் அண்ணை. சிரித்தவர்கள் சிலர்தான். எல்லோருமே ஏதாவது ஒன்றை இழந்திருந்தார்கள்.

மூன்றாம் மாடிப் பையனுக்குப் பதினான்கு வயது. அவனுடைய படத்தை இணையத்தில் தேடி எடுத்து, பெரிதாக்கி, கொண்டே வந்துவிட்டார் லலிதா அக்கா. தீர்மானம் இதுதான்: படத்தையும் பெயரையும் "கள்ளன்" என்று எழுதி லிப்டுக்குள் ஒட்டுவது. முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்த அவன் அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அண்ணை தீர்மானத்தை வாசித்தார். கைகள் எழுந்தன. நான் என் கையைத் துணிக் கூடையின் மேலேயே வைத்திருந்தேன். ஆனால் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்குப் பெரும்பான்மை. அண்ணை கைகளைப் பார்த்தபடி நின்றார்.

"எண்ணுங்கோ அண்ணை, கை உளையுது" என்றார் யாரோ.

"எண்ண மாட்டன்."

ட்ரையர்கூட ஒரு சுற்று நின்று சுற்றியது போலிருந்தது. உள்ளாடைத் தீர்மானத்துக்கே கை எண்ணியவர் அவர்.

"நான் சுவிஸில பத்து வருசம் கோப்பை கழுவினனான்" என்றார். "மலையடியில ஒரு சின்ன ஊர். சனம் எல்லாத்துக்கும் கை தூக்கும். பாக்க வடிவா இருக்கும். பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டன். அதுக்கும் அந்த ஊரில சனம்தான் முடிவு. என்ர படத்தை அச்சடிச்சு வீடு வீடா அனுப்பினவங்கள். பேந்து மண்டபத்தில கை தூக்கினவங்கள். இத்தாலிக்காரனுக்குக் கிடைச்சுது. எனக்கும் ஒரு துருக்கிக்காரனுக்கும் இல்லை. அதில ஒருத்தரும் என்னோட ஒரு நாள் கதைச்சதில்லை. படத்தைப் பாத்தவங்கள். அவ்வளவுதான்."

"அதுக்காகக் கள்ளனை விடுறதோ?" என்றார் லலிதா அக்கா.

"ஆர் விடச் சொன்னது? வீடியோவைப் பொலிஸிட்டக் குடுப்பம், நானும் வாறன். அவன்தான் எண்டா, அதுக்குப் பிள்ளையளுக்கெண்டு தனிச் சட்டம் இருக்கு. இந்த வயசுப் பிள்ளையின்ர பேரைப் பேப்பரில போடவே விடாயினம். நாங்கள் லிப்டுக்குள்ள ஒட்டுறமோ?"

"நீங்கள்தானே எந்த நேரமும் பெரும்பான்மை, பெரும்பான்மை எண்டு நிக்கிறனீங்கள்!"

"ஓம். உடுப்புத் தோய்க்கிறதுக்கு எண்ணுவன், கருவாட்டுக்கு எண்ணுவன். ஒரு பிள்ளையின்ர முகத்துக்கு எண்ண மாட்டன்."

கைகள் மெதுவாக இறங்கின. லலிதா அக்காவின் கை கடைசிக்கு முந்தியதாக இறங்கியது. ஒன்று மட்டும் கம்பீரமாக மேலேயே நின்றது. பஞ்சாபித் தாத்தா மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். அண்ணை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், தாத்தா கையை இறக்கி, கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அன்று படியேறும்போது கேட்டேன். "இவ்ளோ நடந்தும் ஏண்ணா எதுக்கெடுத்தாலும் ஓட்டுன்னு நிக்கறீங்க?"

"அவங்கள் பிழையாச் செய்தவங்கள், பிள்ளை. நான் சரியாச் செய்து பாக்கிறன்."

மறுநாள் லலிதா அக்காவும் அவரும் சேர்ந்தே போய் வீடியோவைக் கொடுத்தார்கள். பிறகு ஆள் அகப்பட்டதாகப் பொலிஸ் சொன்னது. பதினெட்டு வயது ஆகாதவர் என்பதற்கு மேல் ஒரு சொல் வெளிவரவில்லை. பட்டுப் பாவாடை திரும்பி வந்தது. சாமத்திய வீடும் அமர்க்களமாக நடந்தது. யார் எடுத்தது? எனக்குத் தெரியாது. கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லோரும் ஒரே லிப்டில் போய்வருகிறோம். மூன்றாம் மாடிப் பையன் எங்களை நேராகப் பார்த்து "போன்ஜூர்" சொல்கிறான். நாங்களும் சொல்கிறோம். அந்தக் கட்டடத்தில் குடியிருக்கிறேன் என்று சொல்ல எனக்குப் பெருமைதான்.

வசந்தத்தில் அண்ணையின் மகள் நகரின் இன்னொரு பக்கம் பியர்ஃபொன்ட்ஸில் வீடு வாங்கி, அண்ணையையும் ராணி அக்காவையும் அழைத்துப் போய்விட்டாள். போன சனிக்கிழமை தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, மகள் நாய் வளக்கப் போறாளாம். அவளும் நானும் ஒரு பக்கம், கொக்கா ராணியும் மருமகனும் மற்றப் பக்கம். உன்ர வாக்கு வேணும்."

"போன்லயே சொல்லிடட்டுமாண்ணா?"

"செல்லாது. நேரில வந்து கை தூக்கவேணும்."

நான் வேலை அனுமதியில் இருப்பவள். இந்த நாட்டில் எந்தத் தேர்தலிலும் எனக்கு வாக்கு இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய், கையைத் தூக்கிவிட்டு வந்தேன்.