சிரிக்கக் கூடாத தாடை

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் ஆசியுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நானே கெடுத்துவிட்டதால் அதை விசாரிக்க வாய் வரவில்லை.

அன்றைக்கு நீ தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறினாய், ஏணியைப் பிடிப்பது ஒன்றுதான் எனக்கு வேலை, அதையும் உருப்படியாகச் செய்யாமல், என் பழைய மேலாளரின் தொப்பை எவ்வளவு பெரிது என்று காட்ட இரண்டு கையையும் எடுத்துவிட்டேன், காட்டி முடிப்பதற்குள் நீ கீழே கிடந்தாய், தாடை எலும்பில் ஒரு துண்டும் மூன்று பல்லும் போயே போய்விட்டன. ஒரு கையாலேயே காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

செய்த பாவத்துக்கு மருத்துவரிடம் ஓடினேன். "என் எலும்புல எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க டாக்டர்" என்றேன். "வேண்டாம் சார். அவரோட இடுப்பெலும்புலேர்ந்தே ஸ்டெம் செல் எடுத்துத் தாடையில வெச்சிருக்கோம். அது புது எலும்பா வளரணும், அப்புறம்தான் பல்லு. ஆறு வாரம் தாடை அசையக் கூடாது. முக்கியமா, சிரிக்கவே கூடாது" என்றார். உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வாயையே திறப்பதில்லை என்ற முடிவோடுதான் உன் அறைக்கு வந்தேன். பத்து நிமிடம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் இந்தப் பாழும் நாக்கு சும்மா இருக்கிறதா? "இடுப்பு மூஞ்சிக்கு வந்துடுச்சே, இனிமே எதை வெச்சுடா உட்காருவே?" என்று கேட்டுத் தொலைத்தேன். நீ சிரித்தாய். இரண்டு தையல் விட்டுப்போயிற்று. இன்னொரு தடவை விட்டால் எல்லாம் முதலிலிருந்து என்கிறார்கள். உன் மனைவி கதவை மறித்துக்கொண்டு, "மாமா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இந்தப் பக்கமே வராதீங்க" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

நான் எல்லாப் பல்லோடும் உட்கார்ந்து மென்று தின்கிறேன். நீ குழாயில் உறிஞ்சுவது நினைவுக்கு வந்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. வெட்கமாக இருக்கிறதடா. என்னை மன்னித்துவிடு. உன் எலும்பு வளர்ந்து முடியும்வரை நீ இருக்கும் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். இது சத்தியம்.

தாடையும் பல்லும் கெட்டிப்பட்டு, நீ நூறு வயதுவரை கடித்துத் தின்ன வேண்டும். முதல் கடி என்னைக் கடித்தாலும் சரி.

இப்படிக்கு,
ஏணியை விட்ட அண்ணன்

பி.கு.: இதைப் படித்து நீ சிரித்துவைத்தால் என்ன செய்வது என்று பயந்து, முதலில் மருத்துவரிடம் காட்டினேன். முழுவதையும் படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "தைரியமாக் கொடுங்க சார், இதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல" என்றார். என்னையா அப்படிச் சொல்கிறார்? நாளைக் காலை நானே நேரில் வருகிறேன்.